‘மே’, ‘ஷல்’ என்னும் ஆங்கிலத் துணைவினைகள்: பொருளும் ஆட்சியும்

ஒரு மொழியின் பெயர்ச்சொற்களையும் முதல்வினைகளையும் அகராதியின் துணைகொண்டு பெரும்பாலும் கற்றுக்கொள்ளலாம். துணைவினைகள் அவ்வாறு எளிதில் வயப்படுவன அல்ல. ஆங்கிலத்தில் ‘மே’, ‘ஷல்’ என்னும் இரண்டும் அத்தகையன. நம் பள்ளி இலக்கணங்கள் முன்னதற்குச் ‘செய்யலாம்’ என்றும், பின்னதற்குச் ‘செய்தல் வேண்டும்’ என்றும், சில இடங்களில் எதிர்காலம் என்றும் பொருள் எழுதி அமைந்துவிடுகின்றன. 1963ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றத்தில் ஆட்சிமொழிச் சட்ட முன்வடிவு ஆராயப்பட்டபோது, அதன் 3ஆம் பிரிவில் நிற்கத்தக்கது ‘மே’யா, ‘ஷல்’லா என்பது பெரும் பூசலாயிற்று. அவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே பொருள் என்றார் தலைமையமைச்சர் நேரு. பொருள் அதுவேயாயின் அச்சொல்லையே எழுதினால் என்ன என்று வினவினர் திராவிட முன்னேற்றக் கழகத்தார். மாநிலங்களவையில் அன்று அவர்தம் முதற்குரலாக நின்றவர் அண்ணாதுரை. இஃது அரசியல் வழக்காகவே பலராலும் பேசப்பட்டு வந்துள்ளது. ஆயினும் இதன் அடியில் கிடப்பது ஓர் இலக்கண வினா. இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்றல் கூடுமோ, கூடுமெனின் எவ்விடத்துக் கூடும் என்பதே அவ்வினா. அதனை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் சொற்பிறப்பை நோக்குவோம். ‘மே’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘மகன்’ என்பது. ஒலியளவில் நம் முறைப்பெயரை ஒத்திருப்பினும் இரண்டிற்கும் தொடர்பு இல்லை. ‘ஆற்றல் உடையனாதல்’ என்பது அதன் பொருள். வலிமையைக் குறிக்கும் ‘மைட்’ என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல் அதனோடு உடன்பிறந்தது. ‘ஷல்’ என்பதன் பழைய வடிவம் ‘ஸ்குலன்’. ‘கடன்பட்டிருத்தல்’ என்பது பொருள். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் ‘ஷுல்ட்’ என்னும் சொல் இவ்வடியினதே. எனவே ஒன்று வலிமையிற் பிறந்தது. மற்றொன்று கடனிற் பிறந்தது. வலியுடையான் ஒன்றைச் செய்தலும் விடுதலும் அவன் விருப்பம். கடன்பட்டானுக்கு அவ்விருப்பம் இல்லை. பின்னாளில் இச்சொற்கள் எத்துணைப் பொருள் விரிவு பெற்றபோதிலும் இவ்வேறுபாடு முற்றும் மறைந்துவிடவில்லை.

வடிவமைப்பில் இரண்டும் ஓரினத்தன. இவற்றின் நிகழ்கால வடிவங்கள் உண்மையில் மிகப் பழைய இறந்தகால வடிவங்கள். பொருள் நிகழ்காலத்திற்கு நகர, வடிவம் அவ்வாறே நின்றுவிட்டது. ஆங்கில வினைகள் படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் பெறும் சகர ஈறு இவற்றிற்கு வாராமைக்கு இதுவே காரணம். எச்ச வடிவம் இன்மையால் இவையிரண்டும் ஒரு தொடரில் அடுத்து நிற்றலும் இல்லை. இவற்றுள் நாம் கருத்திற்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: எழுவாய் யாராயினும், எண் எதுவாயினும் இவை திரிபு அடையா. ஆகவே ஆற்றல் யாருடையது, கடன் யாருடையது என்பதை வினையின் ஈறு காட்டாது. எழுவாயைக் கொண்டே அறிதல் வேண்டும். எழுவாயும் அதனைக் காட்டாதாயின் அறிய வழியில்லை.

‘மே’ என்பதன் இன்றைய பொருள்களுள் தலையாயவை மூன்று. ஆற்றற் பொருளைக் ‘கேன்’ என்னும் சொல் தனதாக்கிக்கொண்டபின், ‘மே’ இசைவுப் பொருளிலும் ஐயப் பொருளிலும் நிலைத்தது. இஃது இடைக்காலத்திலிருந்து சிறிது சிறிதாக நிகழ்ந்த மாற்றம். ‘நீ போகலாம்’ என்பது இசைவு. ‘மழை வரலாம்’ என்பது ஐயம். மூன்றாவது வாழ்த்துப் பொருள். அப்பொருளில் துணைவினை எழுவாய்க்கு முன் வந்து நிற்கும். நம் ‘வாழ்க’ என்னும் வியங்கோள் அதற்கு நேராகும். மூன்றாவதில் மயக்கம் எழுவதில்லை, சொற்கிடக்கை முறையே அதனைப் பிரித்துக் காட்டிவிடுதலின். மயக்கமெல்லாம் முதல் இரண்டிற்கும் இடையிலேதான்.

தமிழில் ‘செய்யலாம்’ என்னும் வடிவத்திலும் இம்மயக்கம் உண்டு. ‘செய்யல் ஆம்’ என்னும் இரு சொற்கள் ஒட்டி நின்ற வடிவம் அது. ‘அவன் வரலாம்’ என்பதனை அவன் வருவதற்குத் தடையில்லை என்றும் கொள்ளலாம். ஒருவேளை அவன் வருவான் என்றும் கொள்ளலாம். எனினும் தமிழில் ஐயத்தைத் தனியே பிரித்துரைக்க ‘வரக்கூடும்’ என்னும் வாய்பாடு இருக்கின்றது. அதன் எதிர்மறை ஐயத்தின் எதிர்மறையாக அமையாது, ‘வரக்கூடாது’ எனத் தடைப்பொருளில் வழங்குதல் வியப்பானதொரு முரண். தமிழ்த் துணைவினைகளை உடன்பாடு, எதிர்மறை என இணை இணையாக அடுக்கி அட்டவணையிட முயல்வார் இவ்விடத்தில் இடர்ப்படுவர்.

இனி ‘ஷல்’. கணித வல்லுநராகப் பெரிதும் அறியப்பெற்ற ஜான் வாலிஸ், 1653இல் இலத்தீன் மொழியில் எழுதி வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், ‘ஷல்’, ‘வில்’ என்பவற்றிற்கு ஒரு விதி வகுத்தார். தன்மையிடத்தில் ‘ஷல்’ வருவதுரைக்கும், ‘வில்’ உறுதியேனும் அச்சுறுத்தலேனும் கூறும். முன்னிலை படர்க்கைகளில் இது மாறி நிற்கும் என்பது அவ்விதி. இதனைப் பின்வந்த இலக்கணங்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றின. அமெரிக்க அறிஞர் சார்லஸ் பிரீஸ் 1925இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாடக நூல்களில் இச்சொற்கள் வரும் இடங்களைத் தொகுத்து எண்ணி, வழக்கு அவ்விதியின்படி ஒழுகவில்லை என்பதைக் காட்டினார். விதி வழக்கோடு முழுதும் ஒவ்வாததாயினும், அதனுள் ஓர் உண்மை உண்டென்பது நம் கருத்து. முன்னிலையிலும் படர்க்கையிலும் ‘ஷல்’ வருங்கால், செய்வான் ஒருவன், அவனைப் பிணிப்பான் வேறொருவன். பிணிப்பது பேசுவானுடைய அதிகாரம். வினாவில் அவ்வதிகாரம் கேட்பானிடம் சென்றுவிடும். ‘நான் கதவைத் திறக்கட்டுமா?’ என ‘ஷல்’ கொண்டு வினவுவான், கேட்பானுடைய விருப்பத்தையே நாடுகின்றான். ‘மே’யும் இவ்வாறே. ‘நான் போகலாமா?’ என்பதில் இசைவளிப்பவன் கேட்போனே. இரு சொற்களுக்கும் பொதுவாகிய இயல்பு, தொடரில் வெளிப்படாத அதிகாரி ஒருவனைச் சுட்டி நிற்றல்.

கடனிலிருந்து கட்டளை பிறத்தல் ஆங்கிலத்திற்கே உரியதென எண்ணுதல் வேண்டா. நம் கல்வெட்டுக்களில் ‘கடவோம்’, ‘கடவர்’, ‘கடவது’ என்னும் முடிபுகள் பயில வழங்குகின்றன. கோயிலுக்கு விளக்கெரிக்க உடன்பட்டார் ‘எரிக்கக் கடவோம்’ எனத் தன்மையில் கூறின் அஃது உறுதிமொழி. வரி செலுத்துவாரைப் படர்க்கையில் ‘செலுத்தக் கடவர்’ எனின் அஃது ஆணை. கிறித்தவ மறையின் தமிழாக்கங்களில் வரும் ‘உண்டாகக்கடவது’ என்பதும் இம்மரபினது. ‘கடன்’ என்னும் பெயரும் ‘கடவன்’ என்னும் குறிப்பும் ஓரடியின எனக் கொள்ளின், ஜெர்மானிய மொழிகளில் நிகழ்ந்த பொருள் வளர்ச்சிக்கு இதனினும் நெருங்கிய ஒப்புமை காட்டல் அரிது. இன்று சட்டத் தமிழில் ‘ஷல்’லுக்கு நேராக நிற்பது ‘செய்தல் வேண்டும்’ என்னும் வாய்பாடு. ‘வேண்டும்’ என்பது விருப்பப் பொருளில் தோன்றித் தேவைப் பொருளுக்கு வந்த சொல்; பிறப்பு நோக்கின் அது ‘ஷல்’லுக்கு உறவன்று, ‘வில்’லுக்கே உறவு. வழக்கு ஏற்றுக்கொண்டதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ‘கடவேன், கடவோம், கடவர்’ எனக் கடன்பட்டாரை ஈற்றாலேயே காட்டிய ஒரு வடிவத்தை இழந்து, யாவர்க்கும் ஒன்றேபோல் நிற்கும் வடிவத்தை ஏற்றோம். ஆங்கிலத் துணைவினைக்குள்ள குறை இவ்வகையில் நம் சட்டத்தமிழுக்கும் வந்து சேர்ந்தது.

‘ஷல்’லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. எழுவாய் உயர்திணையாகாது, வினையும் செயலைக் குறியாது ‘ஆதல்’ என்னும் நிலையைக் குறிக்குமிடத்து அது கட்டளையன்று; நிறுவுதல். இந்திய அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பின் முதற்கூறு ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி என்று ‘ஷல்’ கொண்டு கூறுகின்றது. அங்கே யாரும் ஏவப்படவில்லை. அவ்வாறு கூறுதலானே அந்நிலை உண்டாகின்றது. ‘ஆதல் வேண்டும்’ என்பதனினும் ‘ஆகும்’ என்னும் செய்யும் என் முற்றே இதற்குப் பொருந்தும்.

எதிர்மறையில் இவ்விரு சொற்களும் நடக்கும் முறை தனியே நோக்கத்தக்கது. ‘மே நாட்’ என்பதில் ‘நாட்’ எதனை மறுக்கின்றது? இசைவுப் பொருளாயின் துணைவினையையே மறுக்கும்: ‘நீ போகலாகாது’. ஐயப் பொருளாயின் முதல்வினையை மறுக்கும்: ‘அவன் போகாமலிருக்கலாம்’. தமிழ் இவ்விரண்டையும் வடிவாலேயே பிரிக்கின்றது; ஆங்கிலம் இடம் நோக்கி உணர விட்டுவிடுகின்றது. ‘ஷல் நாட்’ என்பதிலோ மறுக்கப்படுவது எப்பொழுதும் முதல்வினையே: ‘செய்யாதிருத்தல் வேண்டும்’. கடமையின்மையைக் கூற ‘ஷல்’லுக்கு எதிர்மறை வடிவமே கிடையாது, அதற்கு ஆங்கிலத்தார் ‘நீட் நாட்’ என்னும் பிறிதொரு சொல்லை நாடுவர். ஆகவே இசைவை மறுத்தலும் செய்யாமையை விதித்தலும் பொருளால் ஒன்றாகிவிடுகின்றன. எவரும் இதனைச் செய்யலாகாது என்று ‘மே’யால் விலக்கினும், ‘ஷல்’லால் விலக்கினும் விளைவு ஒன்றே. உடன்பாட்டில் எதிரெதிர் நிற்கும் இரு சொற்கள் எதிர்மறையில் ஒன்று சேர்கின்றன.

உடன்பாட்டில் அவ்வாறு சேர்தல் இல்லை. ‘அவன் உண்ணலாம்’ என்றால் அவன் உண்ணாமலிருத்தலும் அதனால் விலக்கப்படுவதில்லை. இசைவு இருபுறமும் திறந்த வாயில். ‘அவன் உண்ணுதல் வேண்டும்’ என்பதில் மறுபுற வாயில் அடைக்கப்பட்டது. ‘மே’ என்பதனுள் ‘மே நாட்’ என்பதும் ஒளிந்திருக்கின்றது என்னும் அச்சத்திற்கு இலக்கண அடிப்படை இதுவே.

இவ்வளவு தெளிவாயின், ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே பொருள் என ஒருவர் எவ்வாறு கூறவியலும்? கூறவியலும், நீதிமன்றங்கள் பலகாலும் அவ்வாறு கூறியுள்ளன. 1880இல் ஜூலியஸ் என்பார்க்கும் ஆக்ஸ்போர்டு பேராயருக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒரு நெறியைத் தெளிவுறுத்தியது. இசைவளிக்கும் சொற்கள் தம்மளவில் ஆற்றலை மட்டுமே வழங்குவன. ஆயினும் அவ்வாற்றல் யார்பொருட்டு வழங்கப்பட்டதோ அவர்தம் உரிமை அதனைச் சார்ந்திருப்பின், ஆற்றலோடு கடமையும் வந்து கூடும் என்பது அந்நெறி. அவ்வழக்கில் பேராயர்மீது அத்தகைய கடமை இல்லையென்றே முடிவு செய்யப்பட்டமையும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஆட்சிமொழிச் சட்டம் பிறந்த அதே 1963ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேச அரசுக்கும் ஜோகேந்திர சிங் என்பார்க்கும் இடையிலான வழக்கில், அரசு அலுவலர் வேண்டிக்கொண்டால் ஆளுநர் அவர் வழக்கைத் தீர்ப்பாயத்திற்கு அனுப்பலாம் என ‘மே’ கொண்டு கூறிய விதியை, ‘அனுப்புதல் வேண்டும்’ எனவே கொண்டது. மறுதலையும் உண்டு. அரசியலமைப்பின் 320ஆம் உறுப்பு, அலுவலர் ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்துகொள்ளுமாறு ‘ஷல்’ கொண்டு விதிக்கின்றது. மன்போதன்லால் ஸ்ரீவாஸ்தவா வழக்கில் 1957இல் அதே நீதிமன்றம் அது மீறவொண்ணாக் கட்டாயம் அன்றெனத் தீர்ப்பளித்தது. சொல்லின் வடிவம் மட்டும் முடிவு செய்வதன்று; இடம், நோக்கம், மீறியதன் விளைவு ஆகியவையும் நோக்கப்படும்.

ஆகவே நேருவின் கூற்று ஆதாரமற்றதன்று. ஆயினும் ‘மே’ எவ்விடத்துக் கடமையாகின்றது என்பதை மீண்டும் நோக்குக. ஜோகேந்திர சிங் வழக்கின் விதியில் மூன்று உறுப்புக்கள் உள: வேண்டிக்கொள்ளும் ஒருவர், அவர்தம் உரிமை, அதனை நிறைவேற்றும் ஆற்றலுடைய வேறொருவர். இம்மூன்றும் தொடரில் வெளிப்படையாக அமைந்தமையாலேயே அங்கே ஆற்றல் கடமையாயிற்று. ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ, பதினைந்து ஆண்டுக்காலம் முடிந்தபோதிலும், குறித்த நாள் முதல், இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படுதலை ‘மே’ கொண்டு கூறுகின்றது. தொடர் செயப்பாட்டு வினையால் அமைந்தது. எழுவாய் ஆங்கிலமொழி, அஃறிணை. பயன்படுத்துவார் யாவர் என்பது கூறப்படவில்லை. மொழிக்கு இசைவளித்தல் என்பது பொருந்தாது. மொழி இசைவு வேண்டி நிற்பதன்று. இசைவு பெறுவார் நடுவணரசா, அதன் அலுவலரா, மாநில அரசா, அரசுக்கு எழுதும் குடிமகனா? கருத்தா இன்றி நிற்கும் செயப்பாட்டு வினையோடு ‘மே’ சேருமிடத்து இவ்வினாவிற்கு விடையில்லை. கடமையாகத் திரிதற்குரிய உறுப்புக்கள் தொடரில் இல்லாதபோது, திரிந்தது என்று கொள்வதற்குப் பேசுவானுடைய வாய்மொழியன்றிப் பிறிது சான்றில்லை.

இதனை அரசியலமைப்பின் சொல்லாட்சி மேலும் வலியுறுத்தும். 343ஆம் உறுப்பின் இரண்டாம் கூறு, 1950 சனவரி 26 முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு, ஆங்கிலம் முன்னர்ப் பயன்பட்ட ஆட்சித்துறைகளுக்கெல்லாம் தொடர்ந்து பயன்படுத்தப்படுதலை ‘ஷல்’ கொண்டு விதித்தது. மூன்றாம் கூறு, அக்காலத்திற்குப் பின்னும் ஆங்கிலத்தின் பயன்பாட்டிற்குப் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று ‘மே’ கொண்டு கூறுகின்றது. அந்த ‘மே’ ஆற்றல் வழங்கும் ‘மே’ என்பதில் ஐயமில்லை. எழுவாய் பாராளுமன்றம், செயல் சட்டமியற்றல். 1963இல் பாராளுமன்றம் அவ்வாற்றலைப் பயன்படுத்தியது. அப்பொழுது ‘தொடர்ந்து பயன்படுத்தப்படுதல்’ என்னும் முதல்வினைத்தொடர் இரண்டாம் கூற்றில் உள்ளவாறே எடுத்தாளப்பட்டது. துணைவினை மட்டும் மாற்றப்பட்டது. தனக்கு அளிக்கப்பட்ட ‘மே’யைத் தான் இயற்றியதன்மேலும் ஏற்றிவிட்டது பாராளுமன்றம் எனலாம். ஒரே தொடரில் ஒரு சொல் மட்டும் மாறுமிடத்து, மாற்றம் பொருளுடையது என்று கொள்வதே உரைகாரர்தம் நெறி. சட்டவுரையாளர் நெறியும் அதுவே.

வரைந்தவர் சார்பில் கூறத்தக்கதும் ஒன்றுண்டு. இந்தியோடு கூட என்னும் தொடரை வைத்துக்கொண்டு ‘ஷல்’ எழுதியிருப்பின், ஒவ்வொரு செயலுக்கும் ஒவ்வோரிடத்தும் இரு மொழிகளும் கட்டாயமாகும். இந்தி வழங்கும் மாநிலங்களோடு நிகழும் கடிதப் போக்குவரவிலும் ஆங்கிலம் தவிர்க்கவொண்ணாததாகும். இவ்விடர்ப்பாட்டை ‘மே’ நீக்கிற்று. ஆனால் ஓரிடத்துத் தேவைப்பட்ட நெகிழ்ச்சியை எல்லாவிடத்திற்கும் பரப்பிவிட்டது.

1965இன் கிளர்ச்சிக்குப் பின், 1967இல் கொண்டுவரப்பட்டு 1968 சனவரியில் இசைவு பெற்ற திருத்தச் சட்டம் இச்சிக்கலைத் தீர்த்த முறை இலக்கண மாணவர் கருதத்தக்கது. பூசலுக்கு இடமான ‘மே’யை அது தொடவில்லை, 3ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் அச்சொல் இன்றும் அவ்வாறே நிற்கின்றது. அதனைச் சூழ ‘ஷல்’கள் நடப்பட்டன. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்திற்கும் ஒன்றியத்திற்கும் இடையே ஆங்கிலம் பயன்படுத்தப்படுதல் ‘ஷல்’லால் விதிக்கப்பட்டது. தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், ஒப்பந்தங்கள் முதலியவற்றிற்கு இரு மொழிகளும் ‘ஷல்’லால் விதிக்கப்பட்டன. ஐந்தாம் உட்பிரிவோ, இந்தியை ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும், அவற்றின்பின் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் ஆங்கிலத்தை நிறுத்தத் தீர்மானிக்கும் வரையில் இவ்வேற்பாடுகள் நடைமுறையில் நிற்கும் என ‘ஷல்’ கொண்டு முடிக்கின்றது. முன்பு இல்லாதிருந்த உறுப்புக்கள் இங்கே தொடரில் இடம்பெற்றன: யாரொடு யார், எதன்பொருட்டு, யார் இசையும் வரையில் என்பன. ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே பொருள் என்று உரைத்தல் போதுமானதாயிருந்திருப்பின், இத்துணைச் ‘ஷல்’கள் வேண்டப்பட்டிரா.

மொழிபெயர்ப்பாளர்க்கு ஒன்று கூறுதல் தகும். இப்பிரிவினைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, ‘ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்’ என்று எழுதுவார் பலர். தமிழில் செயப்பாட்டு வினையோடு ‘லாம்’ சேருமிடத்து ஐயப்பொருளே மேலோங்கும். ஒருவேளை பயன்படக்கூடும் என்றே படிப்பார்க்குத் தோன்றும். ‘ஆங்கிலத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்’ எனச் செய்வினையாக்கின் இசைவுப்பொருள் தெளிவாகும். ஆங்கில மூலத்தில் உள்ள மயக்கத்தினும் பெரிய மயக்கத்தைத் தமிழில் உண்டாக்குதல் மொழிபெயர்ப்பன்று.

ஆங்கிலச் சட்டநடையில் இப்பொழுது ‘ஷல்’ அருகி வருகின்றது. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு கடமைகளை ‘மஸ்ட்’ என்னும் துணைவினையாலேயே கூறுகின்றது. அமெரிக்க ஒன்றிய நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007இல் நடைதிருத்தப்பட்டபோது ‘ஷல்’ விலக்கப்பட்டது. ‘ஷல்’ விட்டுச்செல்லும் இடத்தில் அமரும் அந்த ‘மஸ்ட்’, பழைய ஆங்கிலத்தில் ‘மோடன்’ என்னும் வினையின் இறந்தகால வடிவத்தினின்றும் வந்தது. ‘மோடன்’ என்பதற்கு அன்று பொருள் இசைவு பெற்றிருத்தல். இசைவுச்சொல் ஒன்று கட்டாயச்சொல்லாகத் திரிந்தமைக்கு ஆங்கிலத்திலேயே சான்று இருக்கின்றது; அத்திரிபு நிறைவுறப் பல நூற்றாண்டுகள் சென்றன.